எதிரி வேலைக்கு ஆள் எடுத்த கீரிப்படை

கீரிப்படை எப்படித் தோன்றியது என்பதற்கு மூன்று வரலாறுகள் உண்டு. மூன்றையும் சொன்னவர் ஒரே ஆள்தான். கமாண்டண்ட் குப்புராஜ் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு வகுப்பெடுக்கும்போது, இந்தப் படை பழைய அரசர்களின் மெய்க்காப்பாளர்களிடமிருந்து வந்தது என்பார். பத்திரிகைக்காரர்கள் வந்தால், பாலைவனத்தில் செத்த ஒட்டகத்தின் வயிற்றுக்குள் ஒளிந்திருந்து எதிரியைப் பிடித்த ஏதோ வெளிநாட்டுப் படையின் வாரிசு என்பார். அமைச்சர் வந்தால், அது அமைச்சரின் சிந்தனையில் உதித்தது என்பார். உண்மையில் அது ஒரு விளாங்காயில் உதித்தது.

எண்பத்து நான்காம் ஆண்டுக் கோடையில், ஏரியூருக்கு மேற்கே காட்டுப் பாதையில் மிகப் பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தார். மரத்தில் இருந்த குரங்கு கையிலிருந்த விளாங்காயை நழுவவிட்டது. ஜீப்பின் முன்கண்ணாடி உடைந்தது. ஓட்டுநர் குரங்கைக் கண்ணால் பார்த்தார். "கொரங்குங்க ஐயா" என்று சொல்லியும் பார்த்தார். ஓட்டுநர் சொல்லி அரசாங்கம் என்றைக்குக் கேட்டிருக்கிறது? விசாரணைக் குழு போட்டார்கள். தாக்கியவன் உயரமான இடத்தில் பதுங்கி, குறி தவறாமல் எறிந்துவிட்டு, மரத்துக்கு மரம் தாவித் தப்பியிருப்பதால் அவன் மிக நல்ல பயிற்சி பெற்றவன் என்று குழு முடிவுக்கு வந்தது. அப்படிப்பட்ட எதிரியைச் சாதாரணப் போலீசால் சமாளிக்க முடியாது. தில்லியில் கறுப்பு உடுப்புக் கமாண்டோக்கள் வந்திருந்த நேரம். நமக்கும் ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தார்கள்.

இப்படித்தான் ஏரியூர்க் காட்டோரம் முகாம் எழுந்தது. சித்திரை வெயிலில் தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுத்திய பையன்கள் வரிசை வரிசையாக மயங்கி விழுந்தார்கள். விழாதவர்களைத் தேர்வு செய்தார்கள். தேர்வானவர்கள் உயிருள்ள கோழியின் கழுத்தைக் கடித்துத் துப்பி உறுதிமொழி எடுக்க வேண்டும். படையின் சின்னமாக ஒரு கீரியைப் பாம்பாட்டியிடமிருந்து கொண்டுவந்தார்கள். அது முதல் அணிவகுப்பிலேயே குப்புராஜின் விரலைக் கடித்துவிட்டு ஓடிவிட்டது. கடைசியில் கொடியில் வரைந்த கீரியே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

எல்லாம் இருந்தது. எதிரிதான் இல்லை. வத்தல்மலையிலிருந்து காவிரிக் கரை வரை தேடினார்கள். தேன் எடுப்பவன், சாராயம் காய்ச்சுபவன், மாடு தேடிப் போனவன், ஒதுங்கப் போனவன் எல்லாரையும் பிடித்து எலும்பு நொறுங்க அடித்தார்கள். அடித்தபிறகு பார்த்தால் எல்லாரும் குடிமக்களாகவே இருந்தார்கள். எதிரி இல்லாத படையைக் கலைத்துவிடலாமே என்று தலைநகரில் யாரோ பேசியதாகச் சேதி வந்தது. குப்புராஜுக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்து யோசித்து ஒரு எதிரியை வேலைக்கு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். அரசாங்கமும் அனுமதித்தது. பதவியின் பெயர் 'எதிரி, தற்காலிகம்'.

பாப்பாரப்பட்டிக்கு அந்தப்பக்கம் அந்தோணி கொட்டாய் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. கத்தோலிக்கக் குடியானவர்கள். வருடா வருடம் ஏசுநாதர் சிலுவையில் சாகும் பாஸ்கு நாடகம் போடுவார்கள். யானை பயத்தால் பகலிலேயே போட்டு முடித்துவிடுவார்கள். அதில் ஏசுநாதர் வேடம் சவரிக்கு. மற்ற ஊர்ப் பாஸ்குவில் சாட்டைக்குச் சிவப்புச் சாயம் தோய்த்துச் சும்மா வீசுவார்கள். அந்தோணி கொட்டாயில் சாயமும் உண்டு, அடியும் உண்டு. சிப்பாய் வேடம் போடுகிறவனோடு வரப்புத் தகராறு இருக்கும் வருடங்களில் அடி இன்னும் பலமாக இருக்கும். ஆனால் அடி வாங்குகிறவன் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் அந்த வருடம் மழை இல்லை என்பது ஊர் நம்பிக்கை. சவரி ஒரு வருடமும் திறந்ததில்லை. மழை வராததற்கு வேறு யாரோ காரணம்.

எண்பத்தாறாம் ஆண்டுப் பாஸ்குவுக்குக் குப்புராஜ் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் முழுவதையும் பார்த்தார். சிலுவையிலிருந்து இறக்கிய சவரி, பாறைமேல் மூச்சு தெரியாமல் கிடந்ததைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். நாடகம் முடிந்ததும் ஆளைக் கூப்பிட்டார்.

"என்ன தொழில் பண்ற?"

"மானாவாரிக் காடு இருக்குதுங்க. கேவுரு, கல்லக்கா வெதப்பேன். மழ இல்லீங்க, சும்மாதான் கெடக்குறேன்."

"இவ்வளவு அடி வாங்கினியே, வலிக்கலையா?"

"வலிச்சுதுங்க. வலிச்சாத்தானுங்க வேசம்."

"கவர்மெண்ட் வேலை தர்றேன். நாளைக்கே வா."

பியூன், வாட்ச்மேன் மாதிரி எதிரி என்றும் ஒரு உத்தியோகம் இருக்கும்போல என்று சவரி நினைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போய் மனைவி ராஜமேரியிடம் சொன்னான். அவள் வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னா வேலையாம்?"

"எதிரியாம்."

"யாருக்கு?"

"கவர்மெண்டுக்கு."

"கவர்மெண்டுக்கு எதிரின்னா, அதுக்கு கவர்மெண்டு எதுக்குங்க சம்பளம் குடுக்குது?"

"அது தெரிஞ்சா நான் ஆபீசரு ஆயிருக்க மாட்டனா?"

முதல் நாள் அவனுக்கு ஒரு கட்டம்போட்ட லுங்கியும் கட்டைத் துப்பாக்கியும் கொடுத்துக் காட்டுக்குள் ஓடச் சொன்னார்கள். விசில் அடித்தால் எதிரி ஓட வேண்டும், படை துரத்த வேண்டும். மதியச் சோறு ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும். இதுதான் பாடத்திட்டம். கீரிப்படை அவன்மீது வலையை வீசி, துப்பாக்கிக் கட்டையால் முதுகிலும் முழங்காலிலும் இடித்து, புளியமரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டது. பிறகு விசாரணை வகுப்பு. பயிற்சி கொடுத்தவர் பச்சியப்பன், பாப்பாரப்பட்டிக்காரர். சாதாரணப் போலீசாக இருந்து இதற்குள் இழுக்கப்பட்டவர்.

"தப்பா எடுத்துக்காதப்பா" என்று சவரியின் காதில் சொல்லிவிட்டு, பையன்களைப் பார்த்து "ஆரம்பிங்கடா" என்றார்.

"உன் தலைவன் யார்?" என்று கேட்டார்கள். சவரிக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. அடி விழுந்ததும் பாஸ்குப் பழக்கம் வந்துவிட்டது. ஏற்கெனவே காடு காய்ந்து கிடக்கிறது, வாயைத் திறந்து இந்த வருடத்தையும் கெடுப்பானேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். கடித்த பல்லில் ஒன்றை உடைத்தார்கள். அடுத்த வாரம் சுண்டுவிரலை ஒடித்தார்கள். அதற்கடுத்த வாரம் பாதத்தில் மிளகாய்த்தூளும் லத்தியும் போட்டார்கள். அவன் ஒரு சொல் பேசவில்லை.

ஒரு பையன் குப்புராஜிடம் அழாத குறையாகப் புகார் சொன்னான். "சார், இவன் எதையுமே சொல்ல மாட்டேங்குறான்."

"சொல்றதுக்கு அவன்கிட்ட என்னப்பா இருக்கு?" என்றார் குப்புராஜ். "ஒண்ணுமே இல்லாதவன்கிட்டேருந்து வாங்கத் தெரியலைன்னா, இருக்கிறவன்கிட்ட நீங்க என்னத்தை வாங்கப் போறீங்க? அடிங்க. எலீட் ஃபோர்ஸுக்கும் சாதாரண ஃபோர்ஸுக்கும் அதுதான் வித்தியாசம். சாதாரணப் போலீஸ் காரணத்தோட அடிப்பான். நாம காரணம் இல்லாமலே அடிக்கணும்."

கீரிப்படையின் அடுத்த பணி வீடு புகுதல். எதிரி என்றால் அவனுக்கு ஒரு வீடு இருக்கத்தானே வேண்டும்? ஒரு நாள் காலையில் படை அந்தோணி கொட்டாய்க்குள் இறங்கியது. கயிறு கட்டிச் சவரியின் கூரைமேல் நாலு பேர் ஏறினார்கள். கூரை அவர்களோடு உள்ளே விழுந்தது. ஒருவன் பாய்ந்து வந்து கதவை உதைத்தான். எங்கள் பக்கத்தில் பகலில் யார் கதவைத் தாழிடுவார்கள்? திறந்திருந்த கதவை உதைத்தவன் நேராகப் போய் அம்மிக்கல்லில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். கதவைத் தாழிடாமல் வைத்திருந்த குற்றத்துக்காகத் தெரு முழுவதையும் வெளியே இழுத்துப்போட்டு அடித்தார்கள். பக்கத்து வீட்டுக் கஸ்பாரின் கை முறிந்தது. மிக்கேலம்மாளின் மண்டை உடைந்து ரத்தம் சேலையில் இறங்கியது. மூன்று ஆடுகள் தற்காப்புக்காகச் சுடப்பட்டு, முகாமில் குழம்பானதாகக் கேள்வி.

ராஜமேரி இடிந்த சுவருக்கு நடுவில் நின்றுகொண்டு, மாலையில் நொண்டிக்கொண்டு வந்த புருசனைப் பார்த்தாள். வெந்நீரில் உப்புப் போட்டு அவன் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்கக் கோபம் அவளுக்கு ஏறிக்கொண்டே போனது.

"நாளைக்கு நானும் வர்றேன். வேல வேணாம்னு சொல்லிட்டு வந்துருவோம். கூலிக்குப் போய்க் கஞ்சி குடிச்சாலும் நீங்க முழுசா இருந்தாப் போதும்."

அவன் தலையாட்டினான். அவனுக்கும் அதுதான் ஆசை. முழுசாக வீடு வந்து சேர்ந்தால் போதும்.

குப்புராஜ் இருவரையும் உட்காரச் சொன்னார். சோடா வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் வருத்தப்பட்டார்.

"அம்மா, ராஜினாமா பண்றது அரசாங்க ஊழியர்கள். இவர் எதிரி. எதிரி வேலையை விட்டா அதுக்குப் பேரு சரணடையறது. மினிஸ்டர் முன்னால, மாலை போட்டு, மைக் வெச்சுச் சரணடையணும்."

"சரிங்க, சரணடையறோம்" என்றாள் ராஜமேரி. "எங்கன்னு சொல்லுங்க, வர்றோம்."

"நீங்க சரணடைஞ்சா இந்தப் படைக்கு வேலை என்ன? கலைச்சிடுவாங்க. இத்தனை பசங்க எங்க போவாங்க? கோழி கழுத்தைக் கடிச்சுப் பழகினவங்கம்மா, வேற தொழில் தெரியாது. கொஞ்சம் அவங்க குடும்பத்தையும் நினைச்சுப் பாருங்க."

"எங்கூட்டுக்காரரை நெனைக்க யாரு இருக்காங்க?"

"நான் நினைக்கிறேம்மா. என்னைவிட அவரை யாரு நினைப்பா? இந்த நாட்டுல எனக்கு இருக்கிற ஒரே எதிரி அவர்தான்." சொல்லும்போது குப்புராஜின் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "அடுத்த மாசம் பாப்பாரப்பட்டியில மினிஸ்டர் முன்னாடி ஒரு செயல்முறை விளக்கம். அது நல்லபடியா முடிஞ்சா படையை நிரந்தரம் பண்ணிடுவாங்க. அப்புறம் இவரை நானே விட்டுடறேன். என் தாய்மேல சத்தியம்."

அந்த ஒரு நாளைத் தாண்டிவிட்டால் போதும் என்று இருவரும் நம்பினார்கள். சவரி அந்த மாதம் முழுவதும் அடியை வாங்கிக்கொண்டு நாளைத் தள்ளினான்.

சந்தை மைதானத்தில் பந்தல் போட்டார்கள். வெடிச்சத்தத்துக்கு வெற்றுத் தோட்டாக்கள் வந்திருந்தன. குப்புராஜ் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். வெற்றுத் தோட்டா சாதாரணப் போலீசுக்கு, கீரிப்படை நிஜத் தோட்டாவைத்தான் தொடும் என்றார். எதிரியின் காதோரம் ஒரு விரற்கடை தள்ளித்தான் குண்டு போகும் என்றும் சொன்னார். பச்சியப்பன் வாயைத் திறந்தார், குப்புராஜ் பார்த்தார், பச்சியப்பன் மூடிக்கொண்டார். அன்றைக்கு மூடிக்கொண்டதற்காக அவரை இன்றுவரை மன்னிக்காத ஊர்க்காரர்களில் நானும் ஒருவன்.

அமைச்சர் வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அந்தோணி கொட்டாயே திரண்டு வந்து தரையில் உட்கார்ந்திருந்தது. கஸ்பார் கையில் கட்டோடு வந்திருந்தார். தங்கள் ஊர் ஏசுநாதர் மந்திரி முன்னால் நடிக்கிறாரே, வராமல் இருப்பார்களா? மேடையில் சவரி வைக்கோல் பொம்மை ஒன்றைப் பிணைக்கைதியாகப் பிடித்துக்கொண்டு நின்றான். வேட்டுச் சத்தம் கேட்டதும் விழ வேண்டும், சொல்கிறவரை எழக்கூடாது. அவனுக்குச் சொன்னது அவ்வளவுதான்.

கீரி எப்படிப் பாம்பைத் தாக்குமோ அப்படித் தாக்குவதாகச் சொல்லி, சுடுகிற பையன்கள் கொதிக்கிற மண்ணில் மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உருண்டு வந்தார்கள். உருண்டு முடித்து எழுந்தபோது அவர்களுக்கு மைதானம், மேடை, அமைச்சர் எல்லாமே சுற்றின. அந்தச் சுற்றலிலேயே சுட்டார்கள். ஒரு குண்டு பந்தல்காலைத் துளைத்தது. ஒன்று வைக்கோல் பொம்மையை. இரண்டு குண்டுகள் சவரியின் தொண்டையிலும் நெஞ்சிலும் பாய்ந்தன. அவன் மல்லாந்து விழுந்தான். மேடைப் பலகையில் தலை மோதியது. லுங்கி இடுப்புவரை நனைந்து பலகையிலிருந்து ரத்தம் சொட்டியது.

அந்தோணி கொட்டாய்க்காரர்கள் கை தட்டினார்கள். வருடா வருடம் அவன் சாவதைப் பார்த்தவர்கள். இவ்வளவு நன்றாக அவன் எந்த வருடமும் செத்ததில்லை. தட்டிவிட்டு, அவன் எழுவதற்காகக் காத்திருந்தார்கள். ராஜமேரி மட்டும் தட்டவில்லை. அவன் வாய் திறந்திருந்தது. எத்தனை அடிக்கும் திறக்காத வாய் அது. அவள் எழுந்து ஓடினாள். கீரிப்படை அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, வயிற்றில் பூட்ஸ் காலை வைத்து அமுக்கிக்கொண்டது, ஏனென்றால் அமைச்சர் பேச எழுந்துவிட்டார்.

"தத்ரூபம்" என்றார் அமைச்சர். "எதிரி என்றால் இப்படி விழ வேண்டும். எங்கள் ஆட்சியில் எதிரிகூட ஒழுங்காக வேலை செய்கிறான். இந்தத் தம்பியின் நடிப்பைப் பாராட்டி என் பொன்னாடையை அவருக்கு அணிவிக்கச் சொல்கிறேன்."

கூட்டம் மறுபடியும் கை தட்ட, பொன்னாடையோடு பச்சியப்பன் மேடை ஏறினார். சவரியின் பக்கத்தில் குனிந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். பிறகு பொன்னாடையை விரித்து முகத்தோடு சேர்த்து மூடினார். அப்போதுதான் கைதட்டல் நின்றது. கஸ்பார் கட்டுப் போட்ட கையால் மார்பில் அடித்துக்கொண்டு ஓலமிட்டார்.

மறுநாள் கீரிப்படை தன் முதல் எதிரியை வீழ்த்திவிட்டதாகச் செய்தி வந்தது. குப்புராஜுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். படை நிரந்தரமானது. அவர் சத்தியம் செய்தபடியே சவரியை விட்டுவிட்டார். கோயில் கல்லறையில் அவனைப் புதைத்தபோது வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அவன் வாயைத் திறந்ததுதான் காரணம் என்று சொல்ல ஊரில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.

ஆனால் நிரந்தரமான படைக்கு மறுபடியும் எதிரி இல்லை. தலைநகரிலிருந்து பெரிய அதிகாரிகள் கீரிப்படையின் பணிகளைப் பார்த்துப் படிக்க வருவதாக இருந்தார்கள். குப்புராஜ் பச்சியப்பனைக் கூட்டிக்கொண்டு ராஜமேரியைப் பார்க்க வந்தார். கூரை இல்லாத வீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். குப்புராஜ் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"அம்மா, அரசாங்கம் யாரையும் கைவிடாது. பணியில இருக்கும்போது இறந்தவர் குடும்பத்துல ஒருத்தருக்கு அதே வேலை. கருணை அடிப்படையில."

"அதே வேலைன்னா?"

"எதிரி. இந்தத் தடவை தற்காலிகம் இல்ல, நிரந்தரம்."

ராஜமேரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எதிரின்னா நான் என்னாங்க செய்யணும்?"

"பெருசா ஒண்ணுமில்லம்மா. எங்களை எதிர்க்கணும்."

"நெசமாவுங்களா?"

"நிஜமாவேதான் இருக்கணும். உங்க வீட்டுக்காரர் அந்த ஸ்டாண்டர்டை உருவாக்கிட்டுப் போயிருக்கார். ஆயுதம் நாங்க தருவோம், கட்டைத் துப்பாக்கி."

"வேண்டாங்க. எங்கூட்லயே இருக்குது. கொண்டாறேன்."

"பாத்தியா பச்சியப்பா" என்றார் குப்புராஜ் திரும்பிப் போகும்போது. "ஈடுபாடு."

திங்கட்கிழமை காலை முகாம் மைதானத்தில் பெரிய அதிகாரிகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கீரிப்படை வரிசையில் நின்றது. ராஜமேரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேலி முள் வெட்டுகிற கொடுவாளோடு எதிர்முனையில் நின்றாள். குப்புராஜ் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சிறப்புப் படைன்னா என்னங்கிறதை ஒரே வரியில சொல்றேன். எதிரி என்ன நினைக்கிறான்னு அவனுக்கே தெரியறதுக்கு முன்னால நமக்குத் தெரிஞ்சிருக்கும். இப்ப பாருங்க, விசில் அடிச்சதும் இந்த அம்மா காட்டைப் பார்த்து ஓடுவாங்க."

விசில் அடித்தார். ராஜமேரி காட்டைப் பார்த்து ஓடவில்லை. நடந்தே வந்தாள். படை துரத்துவதற்குத் தயாராக நின்றது, ஆனால் எதிரி ஓடினால்தானே துரத்துவது? எதிரி கிட்டே வந்தால் என்ன செய்வது என்று பாடத்திட்டத்தில் இல்லை. அவள் முகத்தைப் பார்த்த ஒரு பெரிய அதிகாரி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். "தத்ரூபமா இருக்கில்ல?" என்று குப்புராஜ் கேட்டு முடிக்கவில்லை, கொடுவாள் அவர் வலது தோளில் இறங்கியது. எலும்பில் சிக்கிய கொடுவாளை அவள் காலால் உதைத்துப் பிடுங்கினாள். இரண்டாவது வெட்டில் பதக்கத்தோடு சட்டையும், சட்டையோடு சதையும் கிழிந்து தொங்கின. குப்புராஜ் மண்ணில் புரண்டு அலறினார். உருளும் முறை சரியாக இல்லை என்று சொல்ல அங்கே யாரும் நிற்கவில்லை. அதிகாரிகள் ஜீப்பை நோக்கி ஓடினார்கள். கீரிப்படை துப்பாக்கிகளைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடியது.

பச்சியப்பன் மட்டும் நின்றார். ராஜமேரி கொடுவாளைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் வந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த வேல எத்தன மணி வரைக்குங்க?" என்று கேட்டாள்.

"சாயங்காலம் அஞ்சு வரைக்கும்மா."

அவள் சூரியனை அண்ணாந்து பார்த்தாள். பொழுது நிறைய இருந்தது. காட்டுக்குள் நடந்தாள்.